உன் கழுத்திலிருக்கும் இருபது மணிகள்

கிரேக்கா, கம்பாலா
ஜூன் 16, ஞாயிறு

அன்புள்ள பிலோயா அக்காவுக்கு,

உன் தங்கை அமிதோ எழுதுவது. நானும் உன் மகள் அதிமும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம். கூரை இன்னும் தலைக்கு மேல்தான் இருக்கிறது. நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். நலமா என்று வழக்கப்படி கேட்க எனக்குக் கை வரவில்லை. ஐந்து மாதமாக உன் குரலைக் கேட்காதவள் அப்படி எழுதினால் அது வெறும் சம்பிரதாயம். சம்பிரதாயத்துக்கு எனக்கு இப்போது தெம்பு இல்லை.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ இதைக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவசரமாகப் படிக்க நேரலாம். கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய காகித மணி மாலை உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் யாருக்கும் கொடுக்காதே, நனைய விடாதே. அதில் ரோஸ் நிற மணிகள் இருபது உண்டு. அவை அந்த அரபு நாட்டு வீட்டு வேலைக்கு நீ கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் தாள்கள். நான்தான் வெட்டி உருட்டினேன். தெரியாமல் செய்தேன். அந்த மணிகளில் ஒன்றுக்குள் உன் ஒப்பந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் இருக்கின்றன. அந்த எண் முழுதாகக் கிடைத்தால்தான் இங்கே உன் கோப்பைத் திறப்பார்கள். மணியைப் பிரித்து, மூன்று இலக்கத்தையும் இம்மாகுலேட்டிடம் சொல்லி அனுப்பு. எப்படிப் பிரிப்பது என்று கீழே எழுதியிருக்கிறேன். மற்றதை நேரம் கிடைக்கும்போது படித்துக்கொள்.

கடிதத்தைக் கொண்டுவருபவள் லாலம். நம் பக்கத்து வீட்டு அபாரோ அத்தையின் மகள், நீ போகும்போது பள்ளிக்கூட உடுப்பில் நின்று கையாட்டினாளே, அவள்தான். வியாழக்கிழமை விமானம். உனக்கு மேல்மாடியில் இம்மாகுலேட் வேலை செய்கிற அதே வீட்டுக்கு, இம்மாகுலேட்டுக்குப் பதிலாகப் போகிறாள். புது ஆள் வந்து வீட்டு வேலை பழகிய பிறகுதான் பழைய ஆளை அனுப்புவார்களாம், அதனால் இம்மாகுலேட் ஆகஸ்டில் வருகிறாள். மார்ச்சில் உன் செய்தியைத் தொலைபேசியில் எனக்குச் சொன்னவளும் அவள்தான்; அதன் பிறகு அவள் போன் கிடைக்கவே இல்லை, அந்த வீட்டில் புது ஆளுக்கும் போன் தர மாட்டார்களாம். நீ பால்கனியில் துணி காயப்போடும்போது கீழேயிருந்து மேலே பார்த்துச் சொன்னாயாம். உன் பாஸ்போர்ட்டையும் போனையும், உன் கையிலிருந்த ஒப்பந்தப் பிரதியையும் மேடம் பூட்டி வைத்துவிட்டாள், இரண்டு வருடம் முடிந்தும் விட மாட்டேன் என்கிறாள், நம் வீட்டில் இன்னொரு பிரதி இருக்கிறது, ரயில்காரர் புத்தகத்துக்குள், ரோஸ் தாள். அவ்வளவுதான் கேட்டதாம். அதற்குள் உன்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்களாம்.

ரயில்காரர் புத்தகம் என்றதும் எனக்கு உடனே தெரிந்தது. உன் பெட்டியில் இருக்கிற அத்தனை புத்தகத்துக்கும் நீ அப்படித்தானே பெயர் வைத்திருப்பாய். தேனீ வளர்த்த கன்னியாஸ்திரீ, சிறையில் சமைத்தவர், லீரா ஊர் மருத்துவச்சி, ரயில்காரர். ஒருவர் சொல்லி ஒரு புத்தகத்தையும் நீ படித்ததில்லை. சனிக்கிழமை தோறும் டாக்சி நிறுத்தத்துக்குப் பின்னால் பழைய புத்தகக்காரர் கிவும்பி சாக்கு விரித்துப் போட்டிருக்கும் குவியலுக்கு முன் குந்தி, யாரும் தொடாததாகப் பார்த்து எடுப்பாய். நான் பசியோடு பக்கத்தில் நின்று கத்துவேன். "ஊர்ல யாருக்கும் தெரியாத புத்தகத்தப் படிச்சிட்டு நீ யார்கிட்டக்கா அதப் பத்திப் பேசுவ?" என்பேன். "அதான் உங்கிட்ட பேசறேனே, காது குடுடி" என்பாய். நான் காது கொடுக்கவில்லை. முட்டை சப்பாத்தி விற்கிறவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முக்கியமான தாளையெல்லாம் அந்தப் புத்தகங்களுக்குள் வைப்பது உன் பழக்கம் என்பதும் எனக்குத் தெரியும். அதிமின் பிறப்புச் சான்றிதழை மருத்துவச்சிக்குள் வைத்திருந்தாயே. "திருடன் வந்தா டிவியத் தூக்குவான், போனத் தூக்குவான். பேர் தெரியாத புத்தகத்த எவன்டி தூக்குவான்?" என்று சிரிப்பாய். உன் யோசனையில் திருடன் மட்டும்தான் இருந்தான் அக்கா. தங்கை இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். போன நவம்பர் மழையில் நம் கூரை பெட்டி இருக்கும் மூலையில் ஒழுகியது. மறுநாள் ஞாயிறு. புத்தகங்களை வெளியே கொண்டுவந்து, ஒவ்வொன்றாக முதுகைப் பிடித்து உதறி, பாறை மேல் வெயிலில் விரித்தேன். எதிலிருந்தோ மூன்று ரோஸ் தாள் விழுந்தது. மேலே தெரிந்த பக்கம் முழுக்க அரபு எழுத்து. எனக்கு அது எழுத்தாகவே படவில்லை, கொடியும் பூவும் போட்ட வேலைப்பாடு மாதிரி இருந்தது. மசூதிப் பக்கம் கொடுக்கிற துண்டறிக்கை என்று நினைத்தேன். பேரீச்சம்பழப் பெட்டிக்குள் வரும் தாளாக இருக்கும் என்றும் நினைத்தேன். கெட்டியான நல்ல தாள். அந்த ரோஸ் நிறம் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று மணி உருட்டுகிறவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

நாங்கள் தாளைப் படிப்பதில்லை. அதுதான் இந்த வேலையில் உள்ள கேடு. பத்துத் தாளை அடுக்கி, மேலே ஒரு பழைய காலண்டர் தாளை வைத்து, அதில்தான் அளவெடுத்துக் கோடு போடுவோம். பிறகு பிளேடால் ஒரே இழுப்பு. நீள நீளமான முக்கோணத் துண்டுகள் வரும். அகலமான முனையிலிருந்து ஊசியில் சுற்றி, பசை தடவி, கடைசியில் வார்னிஷில் முக்கி எடுத்தால் மணி. தாளில் நிறத்தைப் பார்ப்போம், கனத்தைப் பார்ப்போம். என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் ஒரு மணி கூட உருளாது. அன்றைக்கு ஒரே ஒரு தாளை நான் திருப்பிப் பார்த்திருந்தால் மறுபக்கத்தில் ஆங்கிலத்தில் உன் பெயர் இருந்திருக்கும். வாரம் ஆறு நாளும் ஓட்டலின் துணி வெளுக்கும் அறையில் நின்றபடி படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வருகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை என் கண்ணுக்கு நிறம் மட்டும்தான் தெரிகிறது. இது சமாதானம் இல்லை. காரணம், அவ்வளவுதான்.

மொத்தம் நாற்பத்தெட்டு மணி வந்தது. பதினாலு அதிமின் கைக்கு. பதினாலு அபாரோ அத்தை ஒரு கல்யாணத்துக்குப் போட்டுப்போன சரத்துக்கு. மிச்சம் இருபதையும், தேடித் தேடி எடுத்த கறுப்பு மணிகளையும் சேர்த்து உனக்குக் கோத்தேன். நான் இதுவரை செய்ததிலேயே அழகானது அதுதான் என்று நினைத்துக்கொண்டு அனுப்பினேன்.

மார்ச்சில் இம்மாகுலேட் சொன்ன அன்றே ரயில்காரரை எடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். பிறகு பெட்டியில் இருந்த அத்தனையையும் புரட்டினேன். அதிம் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன தேடறே சித்தி?" என்றாள். ரோஸ் தாள் என்றேன். அவள் தன் கையை நீட்டி, "இந்த ரோஸா?" என்றாள்.

அக்கா, நான் அவள் கையை வெடுக்கென்று இழுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். குழந்தை பயந்துபோய் வளையைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு, அபாரோ அத்தையைக் கூப்பிட ஓடினாள்.

மணி சொல்லிக்கொடுத்த அந்த வெளிநாட்டுத் திட்டம் உனக்கு நினைவிருக்கும். வந்தார்கள், உருட்டச் சொன்னார்கள், சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள், மூன்று வருடத்தில் மூட்டை கட்டினார்கள். நம் குடியிருப்புப் பெண்கள் மறுபடியும் கல்குவாரிக்குப் போய்விட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழெட்டுப் பேர் அபாரோ அத்தை வாசலில் கூடி இன்னும் உருட்டுகிறோம். விற்பதற்கு இல்லை, வாங்குவதற்கு ஆள் எங்கே? "வாரம் பூரா ஒடச்சிட்டே கெடக்கேன்டி, ஒரு நாளாவது எதையாவது ஒட்டறேனே" என்பாள் அத்தை. அடுத்த ஞாயிறு அதே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, உருட்டியதைப் பிரிக்க ஆரம்பித்தோம். அத்தை தன் சரத்தைக் கழற்றிப் போட்டாள். "கல்யாணத்துல எல்லாரும் இதத்தான் கேட்டாங்க, எங்க வாங்குனன்னு. உன் அக்காளோட சிறையத்தான் மாட்டிட்டு ஆடியிருக்கேன் பாரு" என்றாள்.

முதலில் தின்னரில் ஊறவைத்தோம். வார்னிஷ் கரைந்தது, கூடவே எழுத்தும் கரைந்தது. ஐந்து மணி போச்சு. அப்புறம் அத்தைதான் வழி கண்டுபிடித்தாள், அதைக் கீழே எழுதுகிறேன். மூன்று ஞாயிறு ஆயிற்று. பிரித்த துண்டுகளை அட்டையில் வரிசையாக ஒட்டினோம். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எழுத்தின் உயரத்தைப் பார்த்தே எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எது வரும் என்று சரியாகச் சொன்னார்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்ற வரி பாதி கிடைத்தது. இரண்டு வருடம் என்ற வரி முழுசாகக் கிடைத்தது. உன் கையெழுத்தில் வால் மட்டும் கிடைத்தது. முதல் தாளின் வலது மேல் மூலையில் ஒன்பது இலக்க எண். அதில் ஆறு கிடைத்தது.

அட்டையை எடுத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். நான்கு தடவை போனேன். நாலு நாளும் விடுப்பு கேட்டதற்கு ஓட்டலில் மேற்பார்வைக்காரி என்னைப் பேசிய பேச்சை எழுதினால் தாள் கூசும். அலுவலகத்தில் வரிசை வாசலைத் தாண்டி, படியைத் தாண்டி, தெருவில் நிற்கிறது. எல்லாரும் யாராவது ஒரு மகளுக்காக, ஒரு அக்காவுக்காக நிற்கிறவர்கள். என் முன்னால் நின்ற அம்மாவிடம் மகளின் புகைப்படம் தவிர ஒரு காகிதமும் இல்லை. அவர்களைப் பார்த்தபோதுதான் நான் வெட்டிய துண்டையாவது வைத்திருக்கிறேனே என்று தோன்றியது. என்ன ஒரு ஆறுதல் பார்.

நிற்கிற நேரத்துக்கு ரயில்காரரைக் கையில் எடுத்துப் போனேன். இப்போதுதான் படித்தேன் அக்கா. இத்தனை வருடம் நீ சொல்லச் சொல்லக் கேட்காமல் போனேனே. அந்த மனிதர் முப்பது வருடம் சின்னச் சின்ன ரயில் நிலையங்களில் உட்கார்ந்து, ரயிலைத் தவறவிட்டவர்களைப் பற்றி மட்டும் குறித்து வைத்து, சொந்தச் செலவில் அச்சடித்திருக்கிறார். கோழி நழுவி ஓடியதென்று அதைத் துரத்திப் போய் ரயிலை விட்ட பெண்ணைப் படித்திருப்பாய். அடுத்த ரயில் மூன்று நாள் கழித்து. கோழி நடைமேடையிலேயே முட்டை போடுகிறது, அவர் அதை நிலையப் பதிவேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் ஒரு பக்கம் புலம்புகிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன என்று அந்த அம்மா கேட்டார். நம் மொழியில் மாற்றிச் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் "சத்தமா சொல்லும்மா, இங்க கேக்கல" என்றார்கள். படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. காவல்காரன் தடியைத் தட்டி, "இது ஆபீசு, கல்யாண வீடு இல்ல" என்றான். "கல்யாண வீட்ல சோறாவது போடுவாங்கப்பா" என்றார் அந்த அம்மா. யாருக்கும் தெரியாத புத்தகத்தைப் பற்றி யாரிடம் பேசுவாய் என்று கேட்டவள் நான்தானே. வரிசையில் நிற்கிறவர்களிடம் பேசலாம். அவர்களுக்கு நேரம் இருக்கிறது.

அதிகாரி அட்டையைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா இது, ஸ்கூல் கைவேலையா?" என்று பக்கத்து மேசைக்குக் காட்டினார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன். நம்பர் முழுசா இருந்தா பதிவேட்டுல எடுத்துடுவேன், எடுத்தா தூதரகத்துக்கு எழுதுவேன், அவங்க போய் பாஸ்போர்ட்டக் கேப்பாங்க, ஆறு நம்பர வெச்சு என்ன பண்ணச் சொல்றே என்றார். "பேர வெச்சுத் தேடுங்களேன்" என்றேன். "பேரு நெறைய பேருக்கு இருக்கு. நம்பர்தான் ஒருத்தருக்கு ஒண்ணு" என்றார். அவர் மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பதிவேடுகள். அதில் ஒன்றில் நீ இருக்கிறாய். கையை நீட்டினால் தொடுகிற தூரம். நான் வணக்கம் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

உன்னை அனுப்பிய ஏஜென்சி இருந்த இடத்தில் இப்போது முடி அலங்காரக் கடை. ஆனால் அதே ஆள், அதே சட்டை, இரண்டு தெரு தள்ளி வேறு பெயர்ப்பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான். லாலமை அனுப்புவதும் அவன்தான். போய்க் கேட்டேன். "பழைய ஆபீஸ் பேப்பரெல்லாம் பழைய ஆபீஸோட போச்சு தங்கச்சி" என்றான். அப்புறம் இன்னொன்றும் சொன்னான். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

லாலம் போவதை நான் தடுக்கப் பார்த்தேன் என்று தெரிந்துகொள். அத்தை வீட்டு வாசலில் எல்லார் முன்னாலும் சண்டை போட்டேன். என் அக்கா கதையைப் பார்த்த பிறகுமா என்றேன். அத்தை தன் இரண்டு உள்ளங்கையையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். அந்தக் கையை நீ பார்த்திருக்கிறாய். "இந்தக் கைய இவளுக்கும் குடுக்கச் சொல்றியா? சொல்லு, இங்க என்ன வேல வெச்சிருக்கே அவளுக்கு? சொன்னா இப்பவே பாஸ்போர்ட்டக் கிழிக்கறேன்" என்றாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள், வெளிநாட்டுக்குப் போன பெண்கள் அனுப்பும் பணம் நாட்டைத் தாங்குகிறது என்று வானொலியில் பெருமையாகப் பேசுகிறார்கள். என்னால் முடிந்தது ஒன்றுதான். லாலமின் ஒப்பந்தத்தை ஒரு எழுத்து விடாமல் மூன்று நோட்டில் எழுதி, மூன்று வீட்டில் வைத்திருக்கிறேன். எண்ணை அத்தையை மனப்பாடம் செய்யவைத்தேன். கல் உடைக்கும்போது பாட்டு மாதிரி முணுமுணுக்கிறாள்.

இப்போது மணியைப் பிரிக்கும் வழி. நிதானமாகப் படி.

தாளின் ஓரத்தில் எப்போதும் பாதி முக்கோணம்தான் கிடைக்கும். அதை உருட்டினால் மணி ஒரு பக்கம் சாய்ந்து கோணலாக வரும். வழக்கமாக எறிந்துவிடுவேன். ரோஸ் தாள் என்பதால் மனசு வராமல், கழுத்துக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத இடத்தில் கொக்கிக்குப் பக்கத்தில் கோத்தேன். எண் இருந்தது தாளின் மூலையில். அதனால் கொக்கிக்கு இரண்டு பக்கமும் இருக்கிற கோணல் மணிகளை முதலில் எடு. அவற்றில் இல்லையென்றால்தான் மற்றவை.

தண்ணீரில் போடாதே. நகப்பூச்சு அழிக்கிற மருந்தும் வேண்டாம், எழுத்து போய்விடும். மணியைக் காய்ந்த நிலையிலேயே பிடித்து, குண்டூசியால் மேல் சுற்றின் கூர்முனையை நெம்பு. வார்னிஷ் ஒட்டிய மேல் சுற்று கிழிந்து வந்தால் கவலைப்படாதே, அதில் அரபுதான் இருக்கும். பிறகு தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும்போது, டீ வடிகட்டியில் மணியை வைத்து ஆவியில் காட்டு. நூறு எண்ணும் வரை போதும். பசை இளகும். உள்ளே போகப் போகப் பசை குறைவு, முதல் இரண்டு சுற்றுக்கு நான் பசையே தடவ மாட்டேன். எண் இருக்கிற அகலமான முனை அங்கேதான் இருக்கிறது, மணியின் நடு வயிற்றில். வேகமாக இழுக்காதே. எண் தெரிந்ததும் எங்கேயும் எழுதி வைக்காதே, மனசில் வை. துண்டைச் சாக்கடையில் விட்டுவிடு. வீட்டில் யாராவது என்ன செய்கிறாய் என்று கேட்டால் மாலை அறுந்துபோச்சு, சரிசெய்கிறேன் என்று சொல்.

நானே உருட்டியதை நீயே கிழிக்க வேண்டும் என்று எழுதுவது எனக்கு என்னவோ போல் இருக்கிறது. கிழித்துவிடு. மாலை எப்போது வேண்டுமானாலும் கோக்கலாம்.

வீட்டுச் செய்தி சொல்ல மறந்துவிட்டேன். அதிமுக்கு முன் பல் இரண்டு விழுந்துவிட்டது. எள் விழுது போட்ட கீரை என்றால் இப்போதும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள், சோளக்களியைத்தான் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறாள். பள்ளிக்கூடத்தில் அம்மாவைப் படம் வரையச் சொன்னார்களாம். அவள் போனை வரைந்திருக்கிறாள். டீச்சர் தப்பு போட்டிருக்கிறார். நான் போய்ச் சண்டை போட வேண்டும் என்று நினைத்தேன், வேலையிலிருந்து வந்ததும் அப்படியே படுத்துவிட்டேன். கிவும்பி உன்னை விசாரித்தார். "உங்கக்கா போனதுல இருந்து என் கடையில நல்ல புத்தகம்தான் விக்குது, கெட்ட புத்தகம் அப்படியே தேங்கிப்போச்சு" என்றார். உனக்காக என்று யாரும் தொடாதது ஆறு எடுத்து ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறார். நான் ஒவ்வொன்றையும் உதறிப் பார்த்துவிட்டு வாங்கி வந்தேன். ஒன்று, கிணறு தோண்டுகிற ஒருவர் எழுதியது. அதிமுக்குத் தினம் ஒரு பக்கம் படிக்கிறேன். அவளுக்குப் புரியவில்லை, ஆனாலும் நிறுத்த விடுவதில்லை.

சரி, ஏஜென்சிக்காரன் சொன்னதை எழுதுகிறேன். "மாத்து ஆள் ஒருத்தி அனுப்பினா, ஒரே வாரத்துல உங்கக்கா ஏர்போர்ட்ல நிப்பா. மேடத்துக்கு வேண்டியது வேலைக்கு ஆளு, உங்கக்காதான்னு இல்ல" என்றான். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீ ஓட்டல்ல இஸ்திரி போடறியாமே. மேடத்துக்கு இஸ்திரின்னா உசுரு" என்றான்.

நான் அவன் மூஞ்சியில் துப்பவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இம்மாகுலேட் ஆகஸ்ட் பத்தாம் தேதி வாக்கில் வருகிறாள். அதுவரைக்கும் நான் ஒன்றும் செய்ய மாட்டேன். புகைப்படம் மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன், வெள்ளைப் பின்னணியில், காது தெரிய. பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தேன், போன வாரம் வந்துவிட்டது. நீ வரும் வரை ஒரு வாரமோ பத்து நாளோ அதிமைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அபாரோ அத்தையிடம் சும்மா கேட்டேன். அத்தை ஏன் என்று கேட்கவில்லை. குழந்தையின் துணி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். இதைப் படித்ததும் உனக்கு என் மேல் கோபம் வரும் என்று தெரியும். கத்த முடியாத இடத்தில் இருக்கிறாய், அதனால் எழுதுகிறேன்.

அக்கா, உன் விரல் நடுங்காமல் இருக்கட்டும். கொதிக்கிற தண்ணீருக்குப் பக்கத்தில் உன்னை யாரும் ஐந்து நிமிடம் கூப்பிடாமல் இருக்கட்டும். நீ பார்க்கிற ஒவ்வொரு மூலையிலும் கடவுள் கொஞ்சம் வெளிச்சம் போடட்டும். மூன்று இலக்கம்தான். எனக்காகக் கண்டுபிடித்துவிடு.

உன் தங்கை,
அமிதோ